ஊர்க் குறியீடு இல்லாத பதினொரு வரிகள்

பெயர் சரணப்பா ஹூகார், வயது 29, த/பெ மல்லப்பா, ராய்ச்சூர் மாவட்டம், சிங்காபுர அணை ஊழியர் குடியிருப்பு. தண்ணீர் திறக்கும் முன் ஆற்றோர மக்களுக்குக் கைப்பேசிச் செய்தி அனுப்புவது என் வேலை.

மார்ச் 14 காலை பத்தரைக்கு, பகல் ஒரு மணிக்கு மதகு திறப்பதாக உத்தரவு வந்தது. அதன் பிறகு ஆற்றோர மக்களின் எண்கள் உள்ள கோப்பைக் கணினி எடிட்டரில் திறந்து, ஊர்க் குறியீடு எப்படி இருக்கும் என்ற அமைப்பைக் கொடுத்து, அதன்படி வரிகளை வரிசைப்படுத்தினேன். மற்றவர்கள் அரைநாள் மாரடிக்கும் வேலையை ஒரே கட்டளையில் முடிப்பேன் என்ற கர்வம் எனக்கு உண்டு. இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள் ஊர் ஊராக வரிசைப்பட்டன. அமைப்புக்குள் வராத பதினொரு வரிகள் மட்டும் மேலே தனியாக நின்றன. அவை ஆற்று மணலில் தர்பூசணி போடுகிறவர்களுடையவை. வருடா வருடம் மணல் திட்டு மாறுவதால் அவர்களுக்குக் குறியீடு கிடையாது.

குறியீடு இல்லாத வரி ஒன்று இருந்தாலும் யாருக்குமே செய்தி போகாமல் நின்றுவிடும். பக்கத்து மேசை ஈரண்ணாவிடம் கேட்டேன். "தூக்கிப் போடுடா. ஆத்துக்குள்ளயே குடியிருக்கவனுக்கு தண்ணி வர்றது தெரியாதா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. பதினொரு பெயரையும் படித்துவிட்டு, பிறகு கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நான்தான் அழித்தேன். அதன் பிறகு செய்தியை அனுப்பிவிட்டு, ஜோள ரொட்டி சாப்பிடப் போனேன். கூப்பிட மறந்தேன்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஹனுமவ்வா என்பவர் அலுவலகத்துக்குப் பேசினார். "நாங்க மேட்டுக்கு ஏறிட்டோம் சார். மோட்டார் கழட்டப் போன என் வீட்டுக்காரரு இன்னும் வரல. ஏன் சார் சொல்லல? எங்க நம்பரு உங்ககிட்ட இல்லியா?" என்றார்.

கோப்பு மூடாமல் இருந்தது. செய்ததை ரத்து செய்யும் விசையை அழுத்தினேன். ஒரே அழுத்தில் பதினொரு வரிகளும் திரும்பி வந்தன. மூன்றாவது அவருடைய எண். "இருக்குக்கா" என்றேன்.

"இருக்கா... அப்ப நான்தான் ஃபோனப் பாக்காம விட்டுட்டேன் போல" என்றார். நான் மறுக்கவில்லை. அன்று மாலை அவர் கணவர் துருகப்பாவின் உடல் பாலத்தூணருகே கிடைத்தது.

செய்தி அனுப்பப்பட்டதாகவும், ஹனுமவ்வா கவனிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகவும் அலுவலக அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அவருக்குச் செய்தி போகவில்லை.

என் வாக்குமூலமாக மேலே எழுதியதை வாசிக்கக் கேட்டேன். 'தவறுதலாக அழித்தேன்' என்றிருந்ததில் 'தவறுதலாக' என்பதை அடிக்கச் சொன்னேன். மற்றவை நான் சொன்னபடி உண்மை. இதை ஹனுமவ்வாவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டுகிறேன்.

(ஒப்பம்) சரணப்பா ஹூகார்