களஞ்சியத்து வாசலில் கிடைத்த எலும்புகள்

பெயர் ஜோசப்பின். வயது பதினைந்து. தகப்பனார் பாக்கியசாமி, மல்லாட்டை (நிலக்கடலை) பயிர் செய்கிறவர். விலாசம் செஞ்சி, மாதா கோவில் தெரு. 15-10-1966 அன்று காவல் நிலையத்தில், நைனாவும் அண்ணனும் பக்கத்தில் இருக்க, ஏட்டு விநாயகம் அவர்கள் கேட்க நான் சொல்வது:

என் அண்ணன் அருள்சாமி பட்டணத்தில் டாக்டருக்குப் படிக்கிறான். எங்கள் தெருவில் அவன்தான் முதல் ஆள். பெட்டி கட்டிக்கொண்டு போன அன்றைக்கே எல்லாரும் அவனை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் லீவுக்கு வந்தபோதே வாசலில் ஜுரக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மாட்டையும் ஓட்டி வந்தார்.

அதன் பிறகு போன மாதம் எலும்புப் பாடத்தில் பெயிலாகி, எலும்பைப் படிக்கப் போனவன் எலும்பாகவே திரும்பி வந்தான். முதுகெலும்பு முப்பத்துமூன்றுக்கும் கணக்குச் சொல்வான், ஆனால் நிமிர்ந்து உட்காரவில்லை. நைனாவிடம் பரீட்சை தள்ளிப்போயிருக்கிறது என்றான். பாடமெல்லாம் இங்கிலீஷில் ஓடுகிறது என்றும், தூக்கமே வருவதில்லை என்றும், கூடப் படிக்கிற இன்னும் இரண்டு பேருக்கும் இப்படித்தான் என்றும் என்னிடம் மட்டும் சொன்னான். வெளியே சொன்னால், டாக்டருக்குப் படிக்கிறவனுக்கே சுகமில்லையா என்று சிரிப்பார்களாம்.

அதன் பிறகு தினமும் சாயந்திரம் கோட்டைக்குள் போய் ஆனைக்குளத்துப் படியில் உட்கார்ந்தான். நான் பின்னாலேயே போனேன். ஒருநாள், "இன்னாண்ணே பாக்குற?" என்று கேட்டேன். "எவ்ளோ ஆழம் இருக்கும்னு பாக்குறேன்" என்றான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

இந்த இடத்தில் நைனா எழுந்து நின்றுவிட்டதால் எழுதுவது நிறுத்தப்பட்டது. அவர் தண்ணீர் குடித்த பிறகு மேலே சொல்கிறேன்.

இதை நைனாவிடமும் அம்மாவிடமும் சொல்லக் கூடாது என்று அண்ணன் மாதா பேரில் சத்தியம் வாங்கியிருந்தான். போலீசிடம் சொல்லக் கூடாது என்று அதில் இல்லை.

அதன் பிறகு பத்து நாள் அவனைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். காப்பியில் உப்புப் போட்டேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதன் பிறகு நேற்று அமாவாசை மதியம், அவன் படிப்பதற்காகக் காலேஜிலிருந்து கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த மனுஷ எலும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அவன் குளத்துக்குப் போகிற வழியில், கோட்டையின் பழைய நெல் களஞ்சியத்து வாசலில் மண்டையோட்டை வைத்து, நைனாவின் துண்டால் தலைப்பாகை கட்டி, கைகால் எலும்புகளைப் பரப்பி, சிலேட்டில் "டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார், காத்திருந்து இளைத்தவர்கள் மன்னிக்கவும்" என்று எழுதிச் சாய்த்தேன். ஆனால் அண்ணன் வருவதற்குள் ஆடு ஓட்டிக்கொண்டு பச்சைமுத்து வந்துவிட்டார். எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று ஞாபகம் இருக்க மாணவர்கள் எலும்பில் சிவப்பும் நீலமுமாகத் தீட்டி வைப்பது வழக்கம். அது அவருக்குத் தெரியாது. ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடி, அமாவாசைக்கு மலையனூர் கோவிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்சை மறித்து, கோட்டைக்குள் ஆளை வெட்டி வர்ணம் பூசிப் பூசை போட்டிருக்கிறார்கள் என்றார். பஸ்சே இறங்கிப் பார்க்க வந்தது. அதன் பிறகு போலீசும் வந்தது.

அதன் பிறகு, சிலேட்டில் டாக்டர் என்று இருந்ததால் இன்று காலை அண்ணனை அழைத்து வந்து, இவை யாருடைய எலும்புகள் என்று ஏட்டய்யா கேட்டார். "என்னோடது" என்றான். அதை அப்படியே எழுதிவிட்டு, எலும்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அதன் பிறகு அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து வலது, இடது என்று பிரித்து வைத்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை என்று நினைக்கிறேன், அத்தனை வேகம். கடைசியில், தொடை எலும்பு இரண்டும் ஒரே ஆளுடையது இல்லை என்றான். "அப்போ கொலை ரெண்டாப்பா?" என்று கேட்டுக்கொண்டே ஏட்டய்யா இன்னொரு தாள் எடுத்தார்.

அண்ணன் சிரித்தான். பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை.

நான் இதைச் சொல்லி முடிக்கும்போது நைனா அவன் தோளில் கை வைத்தபடி நிற்கிறார். "டாக்டர் ஆவுறது மெதுவா ஆவட்டும். மொதல்ல நீ ஒரு டாக்டரப் பாரு. நானும் வரேன்" என்றார். மத்தியான பஸ்சில் இரண்டு பேரும் போகிறார்கள். அண்ணன் என்னிடம், "அது உப்புன்னு அன்னிக்கே தெரியும்டி, பிசாசு" என்றான்.

இதெல்லாம் நான் செய்ததும் பார்த்ததும்தான், இட்டுக்கட்டியது எதுவும் இல்லை. ஏட்டய்யா படித்துக் காட்டினார், சரி என்றேன். அண்ணன் சிரித்தான் என்ற வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். படித்தார்.

(ஒப்பம்)
பா. ஜோசப்பின்