எங்கே போகிறாய் என்று கேட்டேன்

போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள் சார். நம் ஊர் வெயிலுக்கு வியர்வை உள்ளே இறங்கி முதலில் ஸ்பீக்கர் போகும், அப்புறம் சார்ஜ் ஏறாது. போலீஸ்காரர்கள் என்னிடம் கொண்டுவருகிற போன்களில் பாதிக்கு இந்தக் கோளாறுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் என் கடை. போர்டில் கிளெமென்ட் செல் சர்வீஸ் என்று இருக்கும். ஆனால் டவர் கிளெமென்ட் என்று கேட்டால்தான் டீக்கடையில் வழி சொல்வார்கள்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சில வருஷம் முன்பு வரை போன் திரையில் கம்பெனி பெயருக்குக் கீழே இடத்தின் பெயர் வரும், ஞாபகம் இருக்கிறதா? பேகம்பூரில் நின்றால் பேகம்பூர் என்று வரும். நாகல் நகர் பக்கம் போனால் நாகல் நகர். அது நாம் நிற்கிற இடம் இல்லை, நம் போன் பிடித்திருக்கிற டவரின் பெயர். ஒவ்வொரு டவருக்கும் ஒரு நம்பரும் உண்டு. அந்த நம்பர் திரையில் தெரியாது, ஆனால் போனுக்குத் தெரியும். எந்த நம்பர் எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போன் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்துவிடும். கம்பெனிக்காரன் இதை வெளியே சொல்ல மாட்டான்.

பிரவுசிங் சென்டரில் ஒரு நாள் பார்த்தேன். உலகம் முழுக்க என்னைப் போன்ற ஆட்கள் தெருத்தெருவாக அலைந்து டவர் நம்பர்களை ஒரு வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது யாருக்கும் சொந்தமில்லை. யாரும் சேர்க்கலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் புள்ளி புள்ளியாக எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. திண்டுக்கல் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு அது அவமானமாகப் பட்டது. நான் பத்தாவதோடு நின்றவன் சார். நான் செய்த ஒரு காரியம் உலகத்துக்கு உபயோகமாக இருக்கும் என்று யாரும் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். வடமதுரை ரோடு, நத்தம் ரோடு, சின்னாளபட்டி, செம்பட்டி. "ஊர் சுத்துறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல உங்களுக்கு" என்று என் மனைவி ரோசலின் திட்டுவாள். வீட்டுக்கு வந்து புள்ளிகளை ஏற்றும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதவில்லை. கடைக்கு ரிப்பேருக்கு வருகிற போன்கள் தினமும் எங்கெங்கோ போய்வருவதை யோசித்தேன். கொஞ்சம் விலை கூடிய போன்களில் ஒரு சின்ன புரோகிராம் போடலாம். டவர் மாறினால் அது எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பும், அனுப்பியதும் அதைத் தானே அழித்துவிடும். டவுன் பஸ் எந்த நேரம் எந்த ஊரில் நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். அதை வைத்து எந்த டவர் எங்கே என்று கணக்குப் போட்டுவிடுவேன். மாசத்துக்கு நூற்றுக்கணக்கில் மெசேஜ் இலவசமாகக் கொடுத்த காலம் அது, யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை.

அந்த ஜெர்மன்காரர்களில் ஒருவர், போன் வைத்திருப்பவர்களின் சம்மதம் வாங்கினீர்களா என்று மெயிலில் கேட்டார். டவர் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் பொது, ஒரு ஆள் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம் என்று எழுதியிருந்தார். நான் மரியாதையாகவே பதில் போட்டேன். எங்கள் ஊரில் எதிரே வருகிறவரை எங்கே போறீங்க என்று கேட்பதுதான் மரியாதை, கேட்காவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள், இங்கே அது ரகசியமே இல்லை என்று எழுதினேன். அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. நான் சொன்னது சரிதானே சார், நீங்களே வாசலில் என்னை எங்க வந்தீங்க என்றுதானே கேட்டீர்கள்.

இனி மரியசெல்வி விஷயத்துக்கு வருகிறேன்.

அவளும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவள்தான். பேகம்பூர் பக்கம் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் புருஷன் ரொனால்டு தோல் பதனிடுகிற ஷாப்பில் சூப்பர்வைசர், கோயில் பாடற்குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவன். நல்ல குரல். செல்வி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் போன் ஒரே வருஷத்தில் மூன்று தடவை திரை உடைந்து வந்தது. "கீழ விழுந்துருச்சுண்ணே" என்பாள். கையிலிருந்து விழுகிற போன் மூலையில் உடையும். அவளுடையது நடுவில் உடைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.

போன மாசம் ஒரு மத்தியானம் குழந்தையோடு கடைக்கு வந்தாள். பிரின்சிக்கு நாலு வயசு இருக்கும், கவுண்டரில் இருந்த பழைய கவர்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. செல்வி குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணே, நான் எங்க போனாலும் அவருக்குத் தெரிஞ்சுபோகுது. போன வாட்டி எங்க சித்தி வீட்டுக்கே வந்து நின்னாரு. இந்தப் போன்ல எதாச்சும் போட்டுவச்சிருக்காரான்னு பாருங்கண்ணே."

"பாக்குறேம்மா. இருந்தா எடுத்துறலாம்."

"இருந்துச்சுன்னா சொல்லிருங்க. இதைக் கிணத்துல போட்டுட்டுப் போயிர்றேன்."

போனை உள்ளே எடுத்துப் போனேன். ரொனால்டு எதுவும் போட்டிருக்கவில்லை, அவனுக்கு அந்த அளவு விவரமும் கிடையாது. பஸ்ஸில் பார்த்தவர்கள், கோயிலில் பார்த்தவர்கள், யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் இருந்தது நான் போட்ட புரோகிராம் மட்டும்தான். எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன்னால் வெளியே வந்து, "எங்கம்மா போறே?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேண்ணே. கோச்சுக்காதீங்க."

இத்தனை வருஷக் கடையில் அந்தக் கேள்விக்கு எனக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை. சும்மா இப்படித்தான் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. என்னையும் ரொனால்டு மாதிரி நினைத்துவிட்டாள் என்று தோன்றியது. ஒரு டீ குடிக்கிற நேரம் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு, போனை அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன். "ஒண்ணு இருந்துச்சு, எடுத்துட்டேன். இனி சுத்தம்" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க சொன்னாச் சரிண்ணே, வாரேன்" என்றாள். காசு நீட்டினாள், நான் வாங்கவில்லை.

அன்று சாயங்காலமே அவள் ஊரை விட்டுப் போய்விட்டாள். மெசேஜ் வந்துகொண்டிருந்தது. செம்பட்டி, சித்தையன்கோட்டை, ஆத்தூர். அதற்கும் அப்பால், அணைக்கரைப் பக்கம் புது டவர் ஒன்று. அந்த மலையடிவாரம் என் படத்தில் ரொம்ப நாளாகக் காலியாக இருந்தது. ஏற்றிவிட்டேன். மறுநாளே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பாராட்டி எழுதியிருந்தார்.

ரொனால்டு அவளை வடமதுரையில் தேடினான், அவள் அம்மா வீடு அங்கேதான். இரண்டு வாரம் அலைந்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தான். அன்றைக்கு ஷாப்பு லீவு என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். டீக்கடை வேலுசாமியும் இன்னும் ரெண்டு பேரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே கிளெமென்ட், ஊர் பூரா டவர் எண்ணுறியே, எம் பொண்டாட்டி எங்கன்னு சொல்லு பாப்போம்" என்றான்.

நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். உண்மையிலேயே சும்மா இருக்கத்தான் நினைத்தேன் சார்.

"இவன் காத்தைப் படம் பிடிக்கிறவன்ப்பா. அம்புட்டும் டுபாக்கூர்" என்று வேலுசாமியைப் பார்த்துச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். "அவ திருச்சிப் பக்கம் போயிட்டா, எனக்குத் தகவல் வந்துருச்சு. இவனுக்கு என்ன தெரியும்."

"திருச்சியும் இல்ல, வடமதுரையும் இல்ல" என்றேன்.

சிரிப்பு நின்றது. மற்றவர்கள் டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போன பிறகு அவனுக்கு மானிட்டரைத் திருப்பிக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, ஆத்தூர்னா எம்புட்டுப் பெரிய இடம், இதை வச்சு என்ன செய்ய என்று உதட்டைப் பிதுக்கினான். அந்த உதட்டைப் பிதுக்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் பொழுது சாய்கிற நேரத்திலிருந்து விடிகிற வரைக்கும் அவள் போன் இரண்டு டவருக்கு நடுவில் மாறி மாறி நிற்கிறது, அப்படி நிற்பது அணைக்கரைக்குக் கிழக்கே இருக்கிற ஒரே ஒரு தெருவில்தான், புள்ளியை ஏற்றிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் நான் நடந்து பார்த்திருக்கிறேன், மொத்தமே ஏழெட்டு வீடு என்று விளக்கமாகச் சொன்னேன். அவன் என் தோளைத் தட்டி, "நீ பெரிய ஆளுதாம்ப்பா" என்றான். கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றும் சொன்னான். வண்டியில் தோல் சீவுகிற கத்தி வைக்கும் பை தொங்கியது. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். செல்வி இறந்துவிட்டாள். அவளைத் தன் வீட்டில் வைத்திருந்த ஜெய்தூன் பீவி, அதே பள்ளிக்கூடத்தில் முன்பு ஆயாவாக இருந்தவர், குறுக்கே விழுந்து கையில் வெட்டு வாங்கினார். ரொனால்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

பங்கு ஆட்களோடு நானும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "போனைத் தூக்கிப் போடுடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் தம்பி" என்று என்னிடம் சொல்லி அழுதார். "எங்க அண்ணன் ஒருத்தர் பாத்துக் குடுத்துருக்காரு, பயமில்லம்மான்னு சொல்லிருச்சு அந்தப் புள்ள. யாருப்பா அந்த அண்ணன்?" தெரியவில்லை அம்மா என்றேன். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை நான் உங்களிடம் மறைக்கவில்லை.

நீங்கள் ரொனால்டைத் தேடுகிறீர்கள், கிடைக்கவில்லை. அவனுடைய பழைய நம்பரை வைத்துத் தேடுகிறீர்கள். அவன் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது சிம் வாங்கியிருக்கிறான். போனை மாற்றவில்லை. அந்தப் போனுக்கு டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்தவன் நான்தான். புது நம்பரிலிருந்தும் எனக்கு மெசேஜ் வருகிறது.

முதல் நாளிலிருந்தே வருகிறது. உங்கள் முகம் மாறுவது தெரிகிறது சார், சொல்லி முடித்துவிடுகிறேன். முதல் நாள் நீங்களே பிடித்துவிடுவீர்கள் என்று இருந்தேன். இரண்டாம் நாள் அவன் பன்றிமலைப் பாதையில் ஏறினான். அங்கே இப்போதுதான் டவர் போட்டிருக்கிறார்கள், ஒரு நம்பர்கூட யாரிடமும் கிடையாது. என் டிவிஎஸ் அந்த ஏற்றம் ஏறாது. அவன் காட்டுப் பாதையிலும் தோட்டப் பாதையிலும் நடந்து நடந்து போயிருக்கிறான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் மெதுவாகத்தான் போவான், அதனால் கணக்குப் போட வசதியாக இருந்தது. ஒவ்வொரு வளைவாக வந்தது. இன்று சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன், மத்தியானத்துக்குள் இன்னொரு புள்ளி வந்துவிடும். வெளியே சொன்னால் நீங்கள் பிடித்துவிடுவீர்கள், பாதை பாதியில் நின்றுவிடும்.

நேற்று காலையிலிருந்து போன் நகரவில்லை. ஆடலூர் தாண்டி, காபித் தோட்டத்துக்குள் ஒரே இடத்தில் நிற்கிறது. புதிதாக எதுவும் வரவில்லை. அதனால்தான் இன்று கடையைத் திறக்காமல் இங்கே வந்தேன்.

ஏன் நகரவில்லை என்று எனக்குத் தெரியாது. குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், அங்கே குளிர் அதிகம். வேறு மாதிரி நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் ஜீப்பை எடுங்கள், நான் கூடவே வந்து வழி சொல்கிறேன். மலைப்பாதை இப்போது முழுதாக இருக்கிறது, எங்கேயும் தடுமாற வேண்டாம்.

என் மேல் என்ன கேஸ் போட வேண்டுமோ போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னது நான். தெருவைச் சொன்னது நான். கத்திப் பையைப் பார்த்தது நான். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் நான்தான். ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை சார். எங்கே போகிறாய் என்று ஒரு அண்ணன் முறையில்தான் அவளைக் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அதை எடுத்திருப்பேன், அவளும் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.