இன்னும் இரண்டு சனிக்கிழமை

தம்பி சஞ்சயனுக்கு,

பொனெட்டைத் திறந்ததும் குனிந்து முகர்ந்து பார்க்கிற ஆட்கள் குறைவு. பெரும்பாலானோர் பெயின்றைத் தடவுவார்கள், இல்லாவிட்டால் சக்கரத்தைக் காலால் தட்டுவார்கள். போன சனிக்கிழமை உங்கள் சித்தப்பாவின் சிவப்பு எம்.ஜி. காரின் பொனெட்டை நான் தூக்கியபோது, நீங்கள் குனிந்து ஒரு மூச்சு இழுத்தீர்கள். அப்போதே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது.

அதற்குப் பத்து நிமிடம் கழித்து நீங்கள் சித்தப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்கு அவர் சொன்ன பதிலை நீங்கள் நம்பவில்லை. சரியான பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதை மட்டும் தனியாக எழுதினால் உங்களுக்கு விளங்காது. கார்பரேட்டரிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

என் பெயர் குகதாசன். கைகொடுத்தபோது சொன்னேன், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பஸ் டிப்போவில் மெக்கானிக். மனோர் பார்க்கில் உங்கள் சின்னம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் இருக்கிறேன். கலியாணம் செய்யவில்லை. உங்கள் சித்தப்பா வைத்தியநாதன் அண்ணையை எனக்குத் தெரியவந்ததும் ஒரு பஸ்ஸால்தான். நடுத்தெருவில் நின்றுபோன பஸ்ஸுக்கு அடியில் நான் கிடந்தபோது, ஒரு தலை எட்டிப் பார்த்து, "தம்பி யாழ்ப்பாணமோ?" என்று கேட்டது. நான் நட்டைத் திட்டிய திட்டிலிருந்து ஊரைக் கண்டுபிடித்திருந்தார். அன்று மத்தியானமே அவர் வீட்டில் சாப்பிட்டேன்.

அது எண்பத்தெட்டாம் ஆண்டு. கார் வந்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு சித்திரையில். அண்ணை கவுன்சில் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு எடுத்திருந்தார். உங்கள் அம்மாவுக்கு ரொறன்ரோவில் டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. தமக்கைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சின்னம்மா சொல்ல, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கனடாவுக்கே போய்விடுவது என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். அதற்குள் அண்ணை எசெக்ஸ் பக்கம் ஒரு கிழட்டு வெள்ளைக்காரரிடமிருந்து சரியாக ஓடாத இந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கலியாணமான புதிதில், கூரை திறந்த காரில் கடற்கரைக்குக் கொண்டுபோவேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம்.

"இந்தக் காரில சிவாவை ஒருக்கா சவுத்எண்டுக்குக் கொண்டுபோகாமல் நான் பிளேன் ஏறமாட்டன்," என்றார்.

சின்னம்மா சிரித்துக்கொண்டு, "அப்ப கனடாவுக்கு விசா தாறது குகன்தான்," என்றார்.

எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட நான்தான் கூடச் சிரித்தேன்.

காரில் இருந்தவை பழைய இரட்டைக் கார்பரேட்டர்கள். தேய்ந்துபோனவை. அவற்றைக் கழற்றிவிட்டு, பெரிய ஒற்றைக் கார்பரேட்டர் ஒன்றும், அதற்கேற்ற புதிய இன்டேக் மேனிஃபோல்டும் போடுவது என் யோசனை. கார்பரேட்டரில் கலக்கும் காற்றையும் பெற்றோலையும் எஞ்சினுக்குள் கொண்டுபோகிற குழாய்தான் மேனிஃபோல்ட். அதன் வாயும் எஞ்சினின் வாயும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கடையிலிருந்து வந்தபடியே பூட்டுகிறவர்கள் உண்டு. நான் இரண்டு சனிக்கிழமை அரத்தால் ராவி, விரலை உள்ளே விட்டு, விளிம்பே தட்டுப்படாத வரைக்கும் பொருத்தினேன். அண்ணை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கவுன்சிலில் தன் மேலதிகாரி எப்படி நடப்பார் என்று நடித்துக் காட்டுவார். எனக்குச் சிரிப்பில் கை நடுங்கி அரம் வழுக்கும். பதினொரு மணிக்குச் சின்னம்மா பற்றிஸும் தேநீரும் கொண்டுவருவார். மூன்று பேரும் கராஜ் வாசலில் வெயிலில் இருந்து சாப்பிடுவோம். வெயில் இல்லாவிட்டாலும் இருப்போம்.

ஐந்து சனிக்கிழமைகளில் வேலை முடிந்துவிட்டது. இது உங்கள் சித்தப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

கராஜ் திறப்பு ஒன்று என்னிடமும் இருந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அவர்கள் இருவரும் கடைக்குப் போயிருந்த நேரம், தனியாகப் போய் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். முதல் தட்டிலேயே பிடித்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் என் கையால் உண்டாக்கியதில்லை. மிதித்தால் தயக்கமில்லை, விட்டால் தளர்வில்லை. கால்மணித்தியாலம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு நிறுத்தினேன். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மேனிஃபோல்டின் இரண்டு நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை அண்ணை ஸ்டார்ட் செய்தபோது கார் இருமியது. இடுக்கால் காற்று உள்ளே போனால் அப்படித்தான்.

"என்ன குகன், காசநோய்க்காரன் மாதிரி இருமுது?"

"இன்னும் ரெண்டு சனிக்கிழமை, அண்ணை," என்றேன்.

அதற்குப் பிறகு நட்டை இறுக்கிவிட்டு, பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டைச் சிறிதாக மாற்றினேன். கார் சந்திக்குச் சந்தி விக்கும். ஜெட்டைச் சரிசெய்தபோது, பெற்றோல் மட்டத்தைக் காக்கிற மிதவையை ஒரு மயிரிழை வளைத்தேன். பெற்றோல் வழிந்தது. நான் எதையும் உடைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். காற்றுக் கூடிய எஞ்சினை நீண்டநேரம் ஓடவிட்டால் வால்வு எரிந்துவிடும். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் ஓடவிட்டதில்லை. அந்த எஞ்சினுக்கு என்னால் ஒரு கீறல்கூட விழவில்லை.

இப்படிப் பதினொரு மாதம் போனது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பதினொரு மாதம் இல்லை. மழைக்காலத்தில் அண்ணை கராஜுக்குள் ஒரு ஹீற்றரும் பழைய சோபாவும் கொண்டுவந்து போட்டார். சின்னம்மா ஸ்பானர்களின் இலக்கங்களைப் பாடமாக்கி, நான் கையை நீட்டுமுன் சரியானதை எடுத்துத் தருவார். மார்கழியில் ஒருநாள் கேட்டார்:

"குகன், உண்மையைச் சொல்லும். இது ஓடுமோ? அக்கா ஒவ்வொரு கிழமையும் கேக்கிறா."

"ஓடும் அக்கா. இன்னும் ரெண்டு சனிக்கிழமை."

"அவவுக்கும் அதைத்தான் சொல்லுறன்," என்றார்.

உங்கள் அம்மாவின் வருத்தம் மெதுவானது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவசரம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

யாரும் சொல்லவில்லை என்றது சரியல்ல. நீங்கள் சொன்னீர்கள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அண்ணையும் சின்னம்மாவும் முருகன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். கை கழுவ நான் வீட்டுக்குள் வந்தேன். ரெலிபோன் அடித்தது. கையைத் துவாயில் துடைத்துவிட்டு எடுத்தேன். நான் ஹலோ சொல்லவும் விடவில்லை நீங்கள்.

"சித்தப்பா, அம்மாவுக்கு ஏலாமல் போச்சு. ஐசியுவில வைச்சிருக்கினம். நினைவு இருக்கு, சின்னம்மாவைத்தான் கேக்கிறா. அவவை உடன வெளிக்கிடச் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்," என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. நீங்கள் உடனே வைத்துவிட்டீர்கள். ஆக, அன்று போனை எடுத்தது நான். தான் எடுக்கவில்லை என்று சித்தப்பா முருகன் மேல் ஆணையிட்டது பொய்யில்லை. அவர் அப்போது அந்த முருகனுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

சொல்லத்தான் இருந்தேன். அவர்கள் நெற்றியில் திருநீற்றோடு நல்ல சந்தோசமாக வந்தார்கள். கோயிலில் யாரோ அண்ணையின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட, அவர் பச்சை நிறத்தில் ஒரு பெண்பிள்ளையின் செருப்போடு வந்திருந்தார். சின்னம்மா சிரித்துச் சிரித்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சாப்பிட்டபின் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டபின் அண்ணை ஸ்டூலில் வந்து இருந்தார். சொன்னால் இருவரும் அன்றே கிளம்பிவிடுவார்கள். காரைப் பற்றி யாரும் நினைக்கமாட்டார்கள். போனால் திரும்பி வரவும் மாட்டார்கள். நான் கையை நீட்டினேன், சின்னம்மா அரை அங்குல ஸ்பானரைத் தந்தார். சரியான ஸ்பானர்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. திங்கட்கிழமை மாலை நீங்கள் மறுபடி எடுத்தபோது சின்னம்மாவே பேசினார். "ஏன் இன்னும் வெளிக்கிடேல்லை?" என்று நீங்கள் கத்தினீர்களாம். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. தாய்க்கு முடியாத பிள்ளை ஏதோ கத்துகிறான் என்று நினைத்துக்கொண்டாராம். செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஒரேயொரு இடம்தான் இருந்தது. அவர் கடலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா காலமானார். சனிக்கிழமையே கிளம்பியிருந்தால் ஒன்றரை நாளாவது பேசியிருக்கலாம். வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் "சிவா வந்திட்டாளோ?" என்று அம்மா கேட்டதாக, பிறகு ஒருநாள் தேநீர் நேரத்தில் சின்னம்மா சொன்னார். நான் பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் அழுததால் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து அவர் திரும்பி வந்தார். "அக்காவே இல்லை. இனி அங்க போய் என்ன செய்ய?" என்றார். கனடாப் பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த சனிக்கிழமை கராஜுக்குப் போய் எல்லாவற்றையும் சரிசெய்தேன். நாற்பது நிமிட வேலை.

வைகாசியில் சவுத்எண்டுக்குப் போனோம். அந்தக் காரில் பின்சீட் என்று ஒன்றில்லை, ஒரு தட்டுத்தான். அதில் நான் காலை மடித்துக் குறுக்காக இருந்தேன். அண்ணை பாடிக்கொண்டு ஓட்டினார். சின்னம்மா வழி முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். காற்று அடிக்கிறது என்றார். இருக்கும். புதிய கார்பரேட்டரில் கார் அவ்வளவு வேகமாகப் போனது.

உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. காரை விட்டுவர மனமில்லாமல் அவர் செய்தியை மறைத்தார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். நான்கு தீபாவளிக்கும் அவர் உங்களுக்குப் போன் எடுத்தார். நான்கு முறையும் நீங்கள் வைத்துவிட்டீர்கள். "நான் அவனுக்கு என்ன செய்தனான், குகன்?" என்று கேட்பார். "தாய் போன துக்கம், அண்ணை. காலம் ஆற்றும்," என்பேன். ஆறுதல் சொல்ல எனக்கு நன்றாக வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சின்னம்மாவைப் பார்க்கக் கனடாவிலிருந்து வந்த இடத்தில், போன சனிக்கிழமை நீங்கள் அவரை நேருக்கு நேர் கேட்டீர்கள். அவர் இல்லை என்றார். சின்னம்மா அவரைப் பார்த்த பார்வையை நானும் பார்த்தேன். புதன்கிழமை எட்டிப் பார்த்தபோது சின்னம்மா மேல்மாடியில் தனி அறையில் படுப்பதாக அண்ணை சொன்னார். முப்பத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவையாம். கராஜ் பூட்டியிருந்தது. ஸ்டூலைக்கூட உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

இதைத் தொடரவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவர்கள் இருவருக்கும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அண்ணை மேல் ஒரு பிழையும் இல்லை என்று சின்னம்மாவுக்கு விளங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

சனிக்கிழமை வழமைபோல் பத்து மணிக்கு வருவேன் என்று சொல்லுங்கள். எனக்கு இப்போது சர்க்கரை வருத்தம். என் தேநீருக்கு மட்டும் சின்னம்மா சீனி போடவேண்டாம்.

அன்புடன்,
குகதாசன்