நான்காவது மிதி

பிரேக் பிடிப்பது நம் கால் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கால் கேட்டுப்பார்க்கிறது, அவ்வளவுதான். பவர் பிரேக் உள்ள வண்டியில் முக்கால்வாசி பலத்தைக் கொடுப்பது, பெடலுக்கு முன்னால் இருக்கும் காற்றில்லாத ஒரு தகர டப்பா. அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது எஞ்சின். எஞ்சின் சரியாக உறிஞ்சாவிட்டால் பெடல் கல்லாகிவிடும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார். மீதி எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

வண்டி என் அத்தானுடையது. அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஐம்பது வருஷத்துப் பழைய காரை வாங்கிவந்து, உள்ளே ஒரு பெரிய எஞ்சினை வைக்கச் சொன்னார். சிக்னலில் நிற்கும்போது வண்டி தடதடவென்று அதிர வேண்டும், பக்கத்தில் நிற்பவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்குத் தகுந்த மாதிரி, எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றிப் போட்டேன். சத்தம் பிரமாதமாக வந்தது. ஆனால் அந்த மாதிரி எஞ்சின் சும்மா ஓடும்போது காற்றை உறிஞ்சாது. உறிஞ்சலை அளக்கும் மீட்டரில் பதினெட்டைக் காட்ட வேண்டிய முள் ஐந்தில் நின்று நடுங்கும். கியரில் ஓடும்போது குறையே இல்லை.

அவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பவர் பிரேக் கேட்டதே அதனால்தான். ஆகவே கரண்டில் ஓடுகிற சின்னப் பம்ப் ஒன்றை வைத்துவிடலாம், எஞ்சின் உறிஞ்சாதபோது அது உறிஞ்சும் என்று சொன்னேன்.

“பிரேக்குக்குப் பம்ப்பா? மீன் தொட்டிக்குத்தான் பம்ப் வைப்பாங்க, மச்சான்.”

என் ஒர்க்ஷாப்பில் அப்போது டிங்கரும் பெயின்டரும் இருந்தார்கள். சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சிரிப்பாகத்தான் சொன்னார். அக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“தம்பி சொல்றான்ல, வச்சுட்டா என்னங்க...”

“நீ ஏறு. பல்லு வலிச்சா உன்கிட்ட யோசனை கேக்கறேன்.”

அதற்கும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். இருபத்தாறு வருஷமாக அவள் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சொந்தக்காரர் வீட்டில், கடையில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் என்று எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். அவர் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் அதையும் சொல்கிறேன்.

பம்ப் வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. உறிஞ்சலைச் சேர்த்துவைக்க ஒரு டேங்க் பொருத்துவோம். வண்டி ஓடும்போது அது நிரம்பிக்கொள்ளும். எஞ்சின் சோம்பியிருக்கும்போது அதிலிருந்து செலவாகும். வழக்கமாக நான் பொருத்துவது ஒரு குடம் அளவுக்கு இருக்கும். பத்துப் பன்னிரண்டு தடவை மிதிக்கலாம். அத்தானின் வண்டிக்கு ஒரு டம்ளர் அளவில் நானே வெல்டு செய்தேன். வேலை சுத்தமாக இருந்தது, நீங்களே கழற்றிப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு மிதித்துப் பார்த்தேன். மூன்று மிதி வெண்ணெய் மாதிரி இறங்கியது. நான்காவது இறங்கவில்லை. என் காலுக்கே இறங்கவில்லை.

வண்டி எடுக்க வருகிற எவரும் பெடலை இரண்டு தடவைக்கு மேல் மிதித்துப் பார்ப்பதில்லை. அத்தான் ஒரே தடவை மிதித்தார். “இதுக்குப் போய்ப் பம்ப்புன்னியே” என்று என் தோளில் தட்டினார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சரிவு வந்தால் போதும், வண்டியை நியூட்ரலில் தள்ளி எஞ்சினைச் சும்மா ஓடவிடுவார். பெட்ரோல் மிச்சமாம். லட்சக்கணக்கில் செலவழித்து எஞ்சின் மாற்றிய மனிதர், இறக்கத்தில் அரை டம்ளர் பெட்ரோல் மிச்சம் பிடிப்பார். அவர்கள் வீடு மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து மெயின் ரோடு வரை ஒரே இறக்கம். வண்டியைக் கொடுப்பதற்கு முந்தின நாள் காலையில் அந்த ரோட்டில் நடந்துபோனேன். ஒரு வேகத்தடை, பள்ளிக்கூட வளைவு, தண்ணீர்த் தொட்டி வளைவு. பிறகு நேராகப் போய்த் தடுப்புச் சுவரில் திரும்பும் பெரிய வளைவு. நான்கு இடங்கள். திரும்பி வரும்போது மறுபடியும் எண்ணினேன். எதையும் ஒரு தடவை அளந்துவிட்டு நம்புகிறவன் இல்லை நான்.

எச்சரித்தேனா என்று கேட்டீர்கள். எச்சரித்தேன். சாவியைக் கொடுக்கும்போது, டிங்கரும் பெயின்டரும் கேட்க, தெளிவாகச் சொன்னேன்.

“அத்தான், இறக்கத்துல நியூட்ரல்ல விடாதீங்க. கியர்லயே இறக்குங்க.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸ் எடுத்தவன்டா நான்.”

சாட்சிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்றைச் செய்யாதீர்கள் என்று நான் சொன்னால் அதை அவர் அன்றைக்கே செய்துகாட்டுவார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு நான் பொறுப்பாளியா? கியரில் ஓட்டுகிற யார் கையில் கொடுத்திருந்தாலும் அந்த வண்டி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அது கெட்ட வண்டி இல்லை. கெட்ட பழக்கத்துக்கு ஒத்துப்போகாத வண்டி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். தண்ணீர்த் தொட்டி வளைவுவரை வண்டி அழகாக இறங்கியதாக அங்கே இருந்த காவல்காரர் சொல்லியிருக்கிறார். எனக்கு அது ஆச்சரியம் இல்லை. சுவரில் மோதியது டிரைவர் பக்கம். அத்தான் அங்கேயே போய்விட்டார். அக்காவுக்குத் தோள் எலும்பு முறிவு, நெற்றியில் ஆறு தையல். கண் விழித்ததிலிருந்து அவரைக் கேட்டு அழுதுகொண்டே இருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னார். பழக்கதோஷம், சார். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

அவரைக் கொல்ல நான் நினைக்கவில்லை. நான்காவது மிதியில் பெடல் கல்லாகும், பயந்துபோய் வண்டியைச் சுவரில் உரசி நிறுத்துவார், அக்காவின் முன்னால் அவருக்கு ஒரு நாளாவது வேர்க்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு பாடம். என் மனசாட்சியைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும்.

சீட் பெல்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பெல்ட் கிடையாது, உண்மைதான். அக்கா உட்காரும் பக்கத்துக்கு நான்தான் புதிதாகப் பொருத்தினேன். தரையில் துளை போட்டு, அடியில் இரும்புத் தகடு வைத்து, நான்கு போல்ட். முழு லாரியையே தாங்கும். கடையில் அதை ஜோடியாகத்தான் விற்கிறார்கள். இன்னொன்று என் அலமாரியில் உறை பிரிக்காமல் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.