பேப்பரில் இருக்கிற ஆள்

– இந்தக் கேள்விப் பேப்பர் உங்கடைதானோ ஐயா? நான்தான் மாறிக் கொண்டந்திட்டனோ தெரியேல்லை.

– என்ரை பேர் கிடக்குதோ?

– ஓம். சிமியோன், கொழும்புத்துறை எண்டு கிடக்கு.

– பிறகென்ன கேள்வி? நான் சொல்லச் சொல்ல மனுசிதான் பதிலுகளுக்குப் புள்ளடி போட்டவள். கேள் அவளை.

– ஓம், றொசாந்திப் பிள்ளை. நான்தான் போட்டனான். போடேக்கை சிரிப்பை அடக்கேலாமக் கிடந்தது.

– சிசிலியா, நீ வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியை ஊத்து.

– இந்தப் பேப்பரின்ரை படி நீங்கள் ஒருத்தரையும் ஏசமாட்டியள். எல்லாரையும் கேட்டுத்தான் முடிவெடுப்பியள்.

– ஓம். அப்பிடியே வைச்சுக்கொள்.

– ஐயா, நான் படலைக்குள்ளை கால் வைக்கேக்கையே என்னை ஏசினியளே!

– அது நீ செருப்பை வலைக்கு மேலை கழட்டினதுக்கு.

– உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் இப்பிடிப் போட்டனியள்?

– பிள்ளை, இடம்பெயர்ந்து போய்க் கிடக்கேக்கையும் உதவிக்கெண்டு ஒரு பேப்பர் தந்தவை. சுனாமிக்கும் தந்தவை. உள்ளதைச் சொன்னவனுக்கு ஒண்டும் இல்லை. பாவம்போலை நிண்டவனுக்கு வலை, வள்ளம், சைக்கிள். உதிலை எந்த மாதிரி ஆளுக்கு எஞ்சின் குடுக்கிறியள்? சொல், அந்த ஆளாய் இருக்கிறன்.

– நாங்கள் ஒண்டும் குடுக்கிறேல்லை, ஐயா.

– ஒண்டும்?

– ஒண்டும்.

– சிசிலியா, அந்தத் தேத்தண்ணிக்குச் சீனி போடாதை.

– போட்டாச்சு. இவளைக் கூப்பிட்டதே நான்தான், உங்கடை சண்டையைத் தீர்த்துவிடச் சொல்லி. மருமோன் றோயோடை கொழுவிப்போட்டு வள்ளத்தைக் கரையிலை காயவிட்டிருக்கிறியள். திங்கட்கிழமை அவன் அடைக்கலநாதன்ரை வள்ளத்துக்குப் போறானாம். மகள் உங்களுக்கும் புருசனுக்கும் நடுவிலை நிண்டு அழுறாள்.

– போனால் போகட்டும்.

– றோய் அண்ணையிட்டையும் இதே பேப்பர் வாங்கினனான், ஐயா. உங்களுக்குக் காட்டலாம் எண்டவர். காத்து எழும்பினால் தான்தான் முடிவெடுப்பாராம். ஆருக்கும் பயமில்லையாம். எல்லாருக்கும் முன்னுக்கு நிப்பாராம்.

– உவனோ! முழுக்கப் பொய். அலை கொஞ்சம் எழும்பினால் உவன்ரை கண் என்ரை முகத்திலைதான் நிக்கும்.

– இது பரீட்சை இல்லை, ஐயா. சில ஆக்கள் கட்டளை போடுவினம். சில ஆக்கள் சிரிச்சுக் கதைச்சு ஆள் சேர்ப்பினம். வேறை சிலர் பொறுமையாப் பக்கத்திலை நிப்பினம், இல்லாட்டி எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாப்பினம். ஒண்டும் குறைவில்லை. தான் எந்த மாதிரி எண்டு தெரிஞ்சால், மற்றவனோடை எங்கை முட்டுது எண்டு பிடிபடும்.

– என்ரை வள்ளத்திலை நான் சொல்லுறதுதான். காத்துக்குள்ளை கூட்டம் வைச்சுக் கை உயர்த்துறதோ?

– இப்ப கதைச்சியளே, இந்த ஆளைத்தான் நான் தேடி வந்தனான். அப்ப பேப்பரிலை இருக்கிறவர் ஆர்?

– ஆரோ ஒரு நல்ல மனுசன்.

– 'கோபம் வந்தால் பேசாமல் விலகிப் போவன்' எண்டதுக்குப் புள்ளடி. பக்கத்திலை கையாலையும் எழுதிக் கிடக்கு, 'போயிருந்து கிழிஞ்ச வலையைப் பொத்துவன்' எண்டு.

– அது அவர் சொன்னவர், பிள்ளை. எழுது எழுது எண்டு நிண்டவர்.

– ஆரையோ கண்ணுக்கு முன்னாலை வைச்சுத்தானே ஐயா சொன்னியள்?

– மாதாவே! அது றோய்.

– மருமோனோ?

– நான் கத்துவன். அவன் வாய் திறவான். வள்ளத்தின்ரை முன்பக்கம், அணியத்திலை போயிருந்து வலை பொத்திக்கொண்டிருப்பான். நான் அதைத் திமிர் எண்டு நினைச்சு இன்னும் கத்துவன். அண்டைக்கு மேற்காலை வலை விடுவம் எண்டான். கரை முழுக்கக் கேக்க, உன்னை ஆரடா கேட்டது எண்டு போட்டன்.

– இப்ப கேளுங்கோவன், ஐயா. கேட்டிட்டு, பதில் வருமட்டும் வாயைத் திறவாதேங்கோ.

– அதுக்கு என்னைக் கல்லைக் கட்டிக் கடலுக்குள்ளை போடலாம். சிசிலியா, போனை எடு.

– எடுத்துக் காதிலை வைச்சிருக்கிறன். மணி அடிக்குது. இந்தாங்கோ, சத்தமாப் போட்டிருக்கிறன்.

– அலோ, மாமி?

– நான்தான்ரா. றோய்… நாளைக்கு வலையை எங்கை விடுவம்?

– மாமா? உங்களுக்கு என்ன, சுகமில்லையோ?

– பேசாமல் இருங்கோ ஐயா. பேசாமல்.

– மேற்காலை விடுவம், மாமா. மண்டைதீவுப் பக்கமா.

– சரி. எஞ்சின் நீ பிடி. அணியத்திலை நான் இருக்கிறன்.

– மெய்யாவோ, மாமா?

– மெய்தான்ரா. இன்னொண்டு. என்ரை பேப்பரிலை இருக்கிறது நான் இல்லை, நீ. நல்ல மனுசனாக் காட்டினால் எஞ்சின் தருவினம் எண்டு நினைச்சன். எனக்கு உன்ரை முகம்தான் வந்தது.

– …மாமா, என்ரை பேப்பரும் பாத்தனியளோ?

– பாத்தன். முழுக்கப் பொய்.

– நானும் எஞ்சின் தருவினம் எண்டுதான் நினைச்சனான், மாமா. நல்ல கடலோடி ஒருத்தரைக் கண்ணுக்கு முன்னாலை வைச்சுப் புள்ளடி போட்டன். உங்களை.