காலர் இல்லாத எட்டுச் சட்டைகள்

— அய்யய்யோ, என்ன காரியம் பண்ற? அது நேத்து போட்ட காலர்!

— தெரியும் டீச்சரக்கா. அதத்தான் பிரிக்கிறேன்.

— தெரிஞ்சேதான் பண்றியா? நாலு மணிக்கு நிறைவு ஆராதனை. எட்டு சட்டையும் மேடையில தொங்கணும். இப்பவே மணி பதினொண்ணு. மொதல்ல அந்த ப்ளேடக் கீழ வை.

— ரெண்டு முடிஞ்சிருச்சு. ரெண்டுமே நான் தைச்சது. என் கை வேலைய நானே மொதல்ல பிரிச்சுட்டேன். அப்புறம் யாரும் எங்கூட சண்டைக்கு வரக்கூடாது பாருங்க.

— நர்ஸம்மா! கொஞ்சம் உள்ள வாங்க. இந்த டெய்லருக்கு என்னமோ ஆயிப்போச்சு.

— வந்துட்டேன், வந்துட்டேன். என்ன, காய்ச்சலா? எங்க, நாக்க நீட்டு. எம்மா தாயே! இதென்ன, சட்டைக்கெல்லாம் கழுத்த அறுத்து வெச்சிருக்க?

— காய்ச்சல் இல்ல நர்ஸக்கா. புத்தி வந்திருக்கு.

— அப்ப சரி. அதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது.

— சிரிக்காதீங்க நர்ஸம்மா. பன்னெண்டு பொம்பளைங்க கடல் தாண்டி வந்திருக்கோம். புருஷன்கிட்ட, மாமியார்கிட்ட, ஆபீஸ்ல, எத்தன பேர்கிட்ட பேச்சு வாங்கிட்டு வந்தோம்! பத்து நாள் தையல் சொல்லிக்குடுக்கிற ஊழியம். ஞாயித்துக்கிழம நம்ம சபையில நின்னு என்னத்தக் காட்டுறது? கழுத்தில்லாத சட்டையயா?

— ஆமாக்கா. இந்த விடுதிப் பொம்பளைங்க தைச்சது அவ்வளவுதானே? உடம்பு அவங்க தைச்சது. கை அவங்க தைச்சது. பை அவங்க தைச்சது. காலர் மட்டும் நாம போட்டது. அவங்க எட்டு பேரும் வீட்டு வேலைக்குப் போற நேரமாப் பாத்து, கதவ சாத்திட்டு, நாலு பேரு உக்காந்து போட்டோம்.

— அது உதவி.

— உதவின்னா எதுக்குக்கா கதவ சாத்தினோம்?

— காத்து அடிச்சுது. துணி பறந்துது.

— டீச்சரக்கா, இந்த ஊர்ல பத்து நாளா ஒரு இலைகூட ஆடல. எனக்கு வேர்த்து வேர்த்து ரெண்டு கிலோ இறங்கிருச்சு.

— நர்ஸம்மா, நீங்க யாரு பக்கம்?

— நான் ஃபேன் பக்கம். நீ சொல்லும்மா டெய்லர், காலையில என்ன ஆச்சு?

— அந்த எட்டு பேர்ல தலை நரைச்சவங்க ஒருத்தங்க இருக்காங்கல்ல, எல்லாரும் மூத்தவங்கன்னு மரியாதையா நடத்துறாங்களே, அவங்க வந்தாங்க. காலரப் பாத்தா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு சட்டையா எடுத்து, காலர விரலால தடவித் தடவிப் பாத்தாங்க. மடிச்சு மேசையில வெச்சாங்க. அப்புறம் மெஷினுக்கு முதுகக் காட்டி மூலையில உக்காந்துட்டாங்க.

— பாஷையே தெரியாது. முதுகுல என்னத்தப் படிச்ச நீ?

— நான் படிக்கலக்கா. மொழிபெயர்க்கிற சிஸ்டரக் கூட்டிட்டு வந்து கேட்டேன். மூணு வருஷத்துக்கு முன்னாடியும் நம்ம சபையிலருந்து ஒரு டீம் வந்துச்சாம். பத்து நாள். எட்டு சட்டை. நிறைவு ஆராதனைன்னு சீருடைக் கடைக்காரரக் கூப்பிட்டிருக்காங்க.

— போன டீமுக்கும் நீங்கதானே லீடர், டீச்சரக்கா?

— ஆமா. அதுக்கென்ன இப்ப?

— ஒண்ணுமில்ல, கேட்டேன். நீ சொல்லு.

— சட்டையப் பாத்து அவரு அசந்துட்டாராம். இருநூறு சட்டைக்கு அங்கயே ஆர்டர் குடுத்துட்டாரு. நம்மாளுங்க போட்டோ எடுத்தாங்க, பாட்டுப் பாடினாங்க, விமானம் ஏறிட்டாங்க. இவங்க தைக்க உக்காந்தா, காலர் போட ஒருத்திக்கும் தெரியல. ஏன்னா அந்த எட்டு காலரையும் தைச்சது நம்ம டீம்ல எவளோ ஒருத்தி. உள்ளாற வைக்கிற கேன்வாஸு சுருண்டு, காலர் முனை ரெண்டும் நாய்க்காது மாதிரி தொங்கிருக்கு. இருநூறும் திரும்பி வந்திருச்சு.

— அடப்பாவமே.

— அதுகூடப் பரவாயில்ல நர்ஸக்கா. வேற கடையில வாங்கின சட்டையக் காட்டி ஏமாத்திட்டாங்கன்னு அவரு இந்தத் தெரு பூரா சொல்லிட்டாரு. மூத்தவங்க மூணு வருஷமா அந்தக் கடை இருக்கிற பக்கமே நடக்கிறதில்லயாம். சுத்திப் போறாங்களாம், வேலைக்கு.

— இதையெல்லாம் அப்பவே யாராவது எனக்கு எழுதியிருக்கலாம்ல?

— என்னன்னு எழுதுவாங்கக்கா? "உங்க ஆளு தைச்சுக் குடுத்ததால நாங்க திருடிங்க ஆனோம்"னா?

— சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்பவும் அதே கடைக்காரருதான் நாலு மணிக்கு வர்றாரு. இங்க உள்ள போதகரம்மா கையக் காலப் பிடிச்சுக் கூப்பிட்டிருக்காங்க. சட்டைக்குக் கழுத்தில்லன்னா பாத்ததும் எழுந்து போயிருவாரு. இருந்தா ஆர்டர் வரும். ஆர்டர் வந்தா தானா கத்துக்குவாங்க. தண்ணியில இறங்கினாத்தானே நீச்சல்?

— கால்ல கல்லக் கட்டி இறக்கிவிட்டுட்டு, நாம நாளைக்கு விமானத்துல ஜன்னல் சீட்டுல உக்காந்து எட்டிப் பாப்போமா?

— வாய் ரொம்ப நீளுது உனக்கு.

— கை நீளுறதுக்கு வாய் நீளுறது மேல்.

— யம்மாடி. டீச்சரக்கா, உக்காருங்க. மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு. பிரஷர் மாத்திர போட்டீங்களா?

— போட்டேன், போட்டேன். டெய்லர், நீ எந்திரி. லீடரா சொல்றேன். அந்த ரெண்டு காலரையும் திருப்பித் தை.

— மாட்டேன்.

— மாட்டியா?

— மாட்டேங்கா. என்னைய டீம விட்டு நீக்குங்க, அடுத்த ட்ரிப்புக்குப் பேரு எழுதாதீங்க, நம்ம சபை ஐயாகிட்ட சொல்லுங்க. இன்னும் ஆறு இருக்கு. பிரிச்சுட்டுத்தான் சாப்பிடுவேன்.

— பிரிச்சுட்டு? வெறும் மேசையக் காட்டுவியா?

— ஸ்கர்ட்டக் காட்டுவேன். அந்தப் பைய எடுங்க நர்ஸக்கா. மூணாம் நாள், சும்மா கை பழகட்டும்னு தைக்கச் சொன்னேன். முழுக்க முழுக்க அவங்க தைச்சது. நான் ஊசிகூடத் தொடல. அடி மடிப்பப் பாருங்க. இடுப்புப் பட்டியப் பாருங்க.

— எனக்குப் பழக்கம் தோலத் தைக்கிறதுதான். ஆனா இது நேராத்தான் இருக்கு. டீச்சரக்கா, நீங்க பாருங்க.

— குடு. கண்ணாடி எங்க? ம். மடிப்பு நேராத்தான் போயிருக்கு. முடியிற எடத்துல ரெண்டு தையல் பின்னாடி எடுத்து நிறுத்தியிருக்கா. யாரு இது?

— மூத்தவங்க.

— நூல் இழுவ கொஞ்சம் இறுக்கம். துவைச்சா சுருங்கும். மேல் திருகாணிய அரைச் சுத்து தளத்தணும்.

— டீச்சரக்கா, நீங்க ஸ்கூல்ல கணக்குதானே எடுத்தீங்க? பத்து நாளா ஒரு மெஷின்லயும் உக்காரல. திருகாணியெல்லாம் எப்படி?

— பாத்தா தெரியாதா? டெய்லர், நீ சொல்லு, ஸ்கர்ட் மட்டும் ஆர்டர் கேட்டா அவரு குடுப்பாரா?

— குடுக்கலாம். ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஸ்கர்ட்டும் வேணும்ல? அம்பது போதும். ஆனா ஒரு சிக்கல் இருக்குக்கா. இத அவங்கதான் தைச்சாங்கன்னு அவரு நம்பணும். ஒரு தடவ திருடின்னு முடிவு பண்ணினவரு, எத நீட்டினாலும் எந்தக் கடைன்னுதான் கேப்பாரு. அவரு கண்ணு முன்னாடியே தைச்சுக் காட்டலாம்னு மூத்தவங்ககிட்ட கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. அவரப் பாத்தாலே கை நடுங்குதாம்.

— நடுக்கத்துக்கு எங்கிட்ட மாத்திர இருக்கு. ஆனா இது அந்த நடுக்கம் இல்ல போலிருக்கே.

— போன டீம்ல அந்தக் காலர் போட்டவ யாருன்னு தெரிஞ்சாலாவது போன்ல பிடிச்சுப் பேச வெக்கலாம். மூத்தவங்க அந்தச் சட்டையில ஒண்ண பெட்டியில வெச்சிருக்காங்க. பாத்தேன். பொய்க்குப் போட்ட காலரா இருந்தாலும் சொல்றேன், என்னா கைக்கா அது! இருவது வருஷமா தைக்கிறேன், எனக்கு அந்தக் காலர் முனை வராது.

— போதும். ஜெபம் பண்ணலாமா?

— பண்ணலாம். ப்ளேடக் கீழ வெக்கச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்.

— வேண்டாம், வெச்சுக்கோ. ஜெபமும் அப்புறம் பண்ணிக்கலாம். பண்ண வேண்டியதப் பண்ணாம முட்டி போட்டு என்ன ஆகப் போகுது? நர்ஸம்மா, ப்ரோகிராம் பேப்பர் உங்ககிட்டதானே இருக்கு?

— இந்தாங்க. வரவேற்பு, பாட்டு, வேதவாசிப்பு, லீடர் சாட்சி அஞ்சு நிமிஷம், அப்புறம் சட்டையெல்லாம் காட்டுறது.

— அஞ்ச அடிச்சிட்டுப் பத்துன்னு போடுங்க.

— எம்மா தாயே, வெயில்ல பத்து நிமிஷ சாட்சியா? கடைக்காரரு தூங்கிருவாரு.

— தூங்க மாட்டாரு. மொழிபெயர்க்கிற சிஸ்டர இப்பவே கூப்பிடுங்க, ஒவ்வொரு வார்த்தையும் சரியா வரணும். மூத்தவங்களக் கொண்டுவந்து முன்வரிசையில, அந்த ஆளு பக்கத்து நாற்காலியில உக்கார வையுங்க.

— அவங்க வர மாட்டாங்கக்கா. அவருகூட எப்படி...

— நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். மொதல்ல அவங்க கையப் பிடிச்சு அவங்ககிட்ட சொல்லணும், அப்புறம்தான் மேடை. போன தடவ அந்த எட்டு காலரையும் தைச்சவ நான்தான்.