பால்ரொட்டி மெர்ட்டன்

லொவீனா: ...இதையா அக்கா தின்னப் போற? ரொட்டியை வாட்டி, மேல சுடுபாலை ஊத்தி... பல்லு போன கிழவன்கூட மூஞ்சியைத் திருப்பிக்குவான்.

ஆல்மா: வெண்ணெயும் உப்பும் போட்டிருக்காருடி. ஒன்பது நாள் காய்ச்சல்ல கெடந்தவளுக்கு வேற என்ன எறங்கும்?

லொவீனா: போட்டிருக்காரா? உன் வீட்டுக்காரரு மெர்ட்டனா செஞ்சாரு?

ஆல்மா: தெனமும் அவருதான். விடியறதுக்குள்ள எந்திரிச்சு அடுப்பைப் பத்தவச்சு...

லொவீனா: பால்ரொட்டி செய்யுற பால்ரொட்டி! உப்புச்சப்பில்லாத பண்டம், உப்புச்சப்பில்லாத ஆளு. ஊர்ல சும்மாவா அப்படிக் கூப்பிடுறாங்க?

ஆல்மா: மெதுவாப் பேசு. கொட்டகையில வெறகு பொளக்குறாரு, காதுல விழப்போவுது.

லொவீனா: விழுந்தா? சண்டைக்கா வரப்போறாரு? போன மாசம் மரமில்லுல எவனோ அவரு தொப்பியைப் பிடுங்கிக்கிட்டானாம். கேக்க வாய் வராம, கொட்டுற பனியில வெறுந்தலையோட வீட்டுக்கு வந்தாராம். என் புருஷன் ராய்ஸா இருந்தா...

ஆல்மா: பல்லைக் கழட்டியிருப்பாரு.

லொவீனா: ஆமா! ஆம்பிளைன்னா அப்படி.

ஆல்மா: சரி... நவம்பர்ல உனக்குக் கரு கலைஞ்சு படுத்திருந்தியே, அப்ப ராய்ஸ் என்ன செஞ்சு குடுத்தாரு?

லொவீனா: அதை இப்ப எதுக்குக் கேக்குற?

ஆல்மா: சொல்லேன்.

லொவீனா: மான் வேட்டைக்குப் போயிருந்தாரு. ஆறு நாளு. பெரிய கொம்பு மான் ஒண்ணைக் கொண்டாந்தாரு, ஊரே வந்து பாத்துச்சு... நான்தான் எந்திரிச்சு கறி வெட்டினேன்.

ஆல்மா: அடிப்பாவி... ஒரு வார்த்தை சொல்லலையே!

லொவீனா: என்மேல பரிதாபப்படாத அக்கா! எனக்குப் பத்திக்கிட்டு எரியுது. நேத்து நீ கண்ணு மூடியிருக்க, அவரு உன் காலுறையை அடுப்புக்கிட்ட காட்டிக் காட்டி, சூடாக்கி மாட்டிவிட்டாரு. நான் கதவோரமா நின்னு பாத்தேன். இந்தக் கிண்ணத்தைத் தூக்கிச் சுவத்துல அடிக்கணும்போல...

ஆல்மா: லொவீனா, உக்காரு.

லொவீனா: கேளு, சொல்லிடறேன். அவருக்கு அந்தப் பேரு வச்சதே நான்தான்.

ஆல்மா: நீயா? மில்லுக்காரங்க வச்சதுன்னு...

லொவீனா: சர்ச் விருந்துல நான்தான் மொதல்ல சொல்லிச் சிரிச்சேன். ஊரு பிடிச்சுக்கிச்சு.

ஆல்மா: அவரு உனக்கு என்னடி பண்ணினாரு?

லொவீனா: ஒண்ணும் பண்ணலையே, அதான்! நாம ரெண்டு பேரும் கல்யாணமாகாம அப்பா வீட்டுல இருந்தப்ப, மூணு ஞாயித்துக்கெழமை நம்ம வேலியோரம் வந்து நின்னாரு. என்னைப் பாக்குறதும், தலையைக் குனியறதும்... நாலாவது வாரம் கட்டாயம் கேப்பாருன்னு நீல கவுனுக்கு இஸ்திரி போட்டு வச்சேன். வரவே இல்ல. ரெண்டு வார்த்தை கேக்கத் துணிச்சலில்லாத கோழை...

ஆல்மா: வந்தாரு.

லொவீனா: என்னது?

ஆல்மா: நீ மாடியில கவுன் மாத்திக்கிட்டிருந்த. வாசல்ல நின்னு உன்னைத்தான் கேட்டாரு. குனிஞ்ச தலை நிமிரல, ஆனா கேட்டாரு.

லொவீனா: நீ... நீ என்ன சொன்ன?

ஆல்மா: அவ ராய்ஸுக்கு வாக்குக் குடுத்துட்டான்னேன்.

லொவீனா: அப்ப ராய்ஸ்கிட்ட நான் பேசினதுகூடக் கெடையாதே! ஏன் அக்கா... ஏன் அப்படிச் சொன்ன?

ஆல்மா: அவரு உன்னையே பாத்தப்ப எனக்கும் எரிஞ்சுதுடி. வேற எவனா இருந்தாலும் நேரா உன்கிட்டயே வந்து இன்னொரு தடவை கேட்டிருப்பான்... இவரு கேக்க மாட்டாருன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.